நிறுத்த முடியாத வரிசை: பெருந்தொற்றும் அமெரிக்க இறைச்சித் தொழிலும்

அமெரிக்கப் பண்ணைகளில் வளரும் பன்றி பிறந்து ஏறத்தாழ ஆறு மாதத்தில் 280 பவுண்டு, அதாவது சுமார் 127 கிலோ எடையை எட்டிவிடுகிறது. அந்த வயதில் அது நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ கூடிக்கொண்டே போகும். குறித்த வாரத்தில் லாரியில் ஏற்றி அனுப்பாவிட்டால், அடுத்த மாதமே அது ஆலையின் கொக்கிகளுக்கும் எந்திரங்களுக்கும் அடங்காத உருவமாகிவிடும். அது இருந்த கொட்டகைக்குள் வரவேண்டிய குட்டிகளோ ஏற்கெனவே பால் மறந்து காத்திருக்கும். கார் ஆலையை ஒரு மாதம் மூடி வைத்தால் முற்றத்தில் கிடக்கும் இரும்பு அப்படியே கிடக்கும். இறைச்சி ஆலையை மூடினால் மூலப்பொருள் தின்றுகொண்டும் வளர்ந்துகொண்டும் இருக்கும். 2020ஆம் ஆண்டின் கோவிட் பெருந்தொற்றை அமெரிக்க இறைச்சித் தொழில் எப்படி எதிர்கொண்டது, அதில் எதை மாற்றியது, எதை மாற்ற மறுத்தது என்பதைப் புரிந்துகொள்ள இந்த உயிரியல் நெருக்கடியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தாய்ப்பன்றியின் சினைக்காலம் 114 நாள். சினைப்படுத்துவதிலிருந்து அந்த ஈற்றுக் குட்டிகள் வெட்டுக்குப் போகும்வரை சுமார் பத்து மாதம் ஆகிறது. ஆகவே 2020 ஏப்ரலில் ஆலை வாசலுக்கு வந்து நின்ற பன்றிகளைப் பற்றிய முடிவு, கோவிட் என்ற பெயரையே யாரும் கேள்விப்படாத 2019இன் நடுப்பகுதியில் எடுக்கப்பட்டது. அந்தப் பத்து மாத ஓட்டத்தில் எங்கும் கிடங்கு கிடையாது. வெட்டிய இறைச்சியை உறைய வைக்கலாம், உயிருள்ள பன்றியை வைக்க முடியாது. கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் இத்தொழில் செலவைக் குறைத்ததே இடைவெளிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டதன் மூலம்தான்: காலியான கொட்டகை நாள், காலியான லாரி, காலியான கொக்கி ஆகிய எல்லாமே நட்டம் என்று கணக்கிடப்பட்டு நீக்கப்பட்டன. ஆலைக்குள் எல்லாரும் ‘லைன்’ என்று சொல்லும் அந்த வரிசை மணிக்கு எத்தனை விலங்குகளைக் கடத்துகிறது என்பதே தொழிலின் ஒரே அளவுகோலாக ஆனது.

இந்த அமைப்பு தானாக உருவானதல்ல. ஒரு காலத்தில் மாடுகளும் பன்றிகளும் ரயிலில் சிகாகோவுக்கு வந்து அங்கே வெட்டப்பட்டன. தொழிற்சங்கம் வலுவாக இருந்த நகரம் அது. 1960இல் அயோவாவில் தொடங்கப்பட்ட ஐபிபி என்ற நிறுவனம் இந்த முறையைத் தலைகீழாக்கியது. ஆலையை விலங்குகள் வளரும் சிற்றூர்ப் பக்கம் கொண்டுபோய், முழு உடலாக அனுப்பாமல் துண்டுகளாக்கிப் பெட்டியில் அடைத்து அனுப்பத் தொடங்கியது. தேர்ந்த கசாப்பு வேலை சிறுசிறு அசைவுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒருவர் நாள் முழுக்க ஒரே வெட்டை மட்டும் போட்டால் போதும் என்ற நிலை வந்தது. சிகாகோவின் புகழ்பெற்ற கால்நடைச் சந்தை 1971இல் மூடப்பட்டது. 1980களில் இறைச்சி ஆலைக் கூலி மற்ற உற்பத்தித் தொழில்களின் சராசரிக் கூலிக்குக் கீழே இறங்கியது; உள்ளூர்க்காரர்கள் விட்டுப்போன இடங்களில் மெக்சிகோ, குவாட்டமாலாவிலிருந்து வந்தவர்களும், பின்னர் ஆப்பிரிக்க, ஆசிய அகதிகளும் சேர்ந்தார்கள். ஐபிபியை 2001இல் டைசன் என்ற இறைச்சி நிறுவனம் வாங்கியது. பெருந்தொற்று வந்தபோது, கொழுக்க வைத்த மாடுகளில் ஏறத்தாழ 85 சதவீதத்தை டைசன், ஜேபிஎஸ், கார்கில், நேஷனல் பீஃப் ஆகிய நான்கே நிறுவனங்கள் வெட்டிக்கொண்டிருந்தன. பன்றியில் நான்கு பெரிய நிறுவனங்களின் பங்கு மூன்றில் இரண்டு அளவுக்கு இருந்தது. ஒரே பன்றி ஆலை நாளொன்றுக்கு 20,000 பன்றிகளை வெட்டுவது புதுமையாக இல்லாமல் போயிருந்தது.

தெற்கு டகோட்டா மாநிலத்தின் சூ ஃபால்ஸ் நகரில் ஸ்மித்ஃபீல்ட் நிறுவனத்துக்கு அப்படியொரு ஆலை இருக்கிறது. ஹாங்காங்கைத் தலைமையிடமாகக் கொண்ட டபிள்யூஹெச் குழுமத்தின் கையில் 2013 முதல் இருக்கும் ஸ்மித்ஃபீல்ட், அந்த ஒரே ஆலையில் சுமார் 3,700 பேரை வைத்து நாட்டின் பன்றி இறைச்சியில் 4 முதல் 5 சதவீதம் வரை உற்பத்தி செய்துகொண்டிருந்தது. மார்ச் கடைசியில் அங்கே நோய் தெரியவந்தது. இரண்டே வாரத்தில் எண்ணிக்கை பல நூறாகி, மாநில ஆளுநரும் நகர மேயரும் ஆலையைப் பதினான்கு நாள் மூடுமாறு கேட்டுக்கொண்டார்கள். ஏப்ரல் 12ஆம் தேதி, காலவரையின்றி மூடுவதாக நிறுவனம் அறிவித்தது. சில நாள் கழித்து அங்கே சென்ற மத்திய அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையக் குழுவினர் எழுதிய குறிப்பில் இரண்டு செய்திகள் என்னை நிறுத்தி வைத்தன. முதலாவது, அந்த ஆலையில் சுமார் 40 மொழிகள் பேசப்பட்டன. ஸ்பானிஷ், சுவாஹிலி, நேபாளி, திக்ரிஞா, அம்ஹாரிக், வியட்நாமியம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. எச்சரிக்கைகளைப் படமாக வரைந்து ஒட்டுங்கள் என்று அக்குழு பரிந்துரைத்தது. இரண்டாவது, ஏப்ரல் மாதம் ஒரு ஷிஃப்டும் தவறாமல் வேலைக்கு வருபவர்களுக்கு 500 டாலர் ஊக்கத்தொகை தருவதாக நிறுவனம் அறிவித்திருந்தது. காய்ச்சலோடு வருபவருக்குப் பரிசு தருவது போன்ற இந்த ஏற்பாட்டைத் தீய நோக்கம் என்று சொல்வதைவிடப் பழக்கம் என்று சொல்வதே சரி. லைனில் ஆள் குறையும்போதெல்லாம் வருகைக்குப் பணம் தருவது அத்தொழில் நெடுநாளாகக் கையாண்ட வழி. வேறு வகையான நெருக்கடி வந்தபோதும் கை தானாக அந்தப் பழைய கருவிக்கே போனது.

அடுத்தடுத்து மற்ற ஆலைகளும் நின்றன. கொலராடோவின் கிரீலியில் ஜேபிஎஸ் மாட்டு ஆலை, மின்னசோட்டாவின் வொர்திங்டனில் அதே நிறுவனத்தின் பன்றி ஆலை, அயோவாவின் வாட்டர்லூவில் டைசனின் மிகப் பெரிய பன்றி ஆலை. வாட்டர்லூவில் ஏப்ரல் 10 அன்றே மாவட்டக் காவல் தலைமை அதிகாரி உள்ளே சென்று பார்த்துவிட்டு மூடச் சொன்னார். ஆலை 22ஆம் தேதிதான் நின்றது. அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைத் தொற்று எட்டிவிட்டது. எத்தனை பேருக்கு நோய் வரும் என்று மேலாளர்கள் பந்தயம் கட்டினார்கள் என்று இறந்த தொழிலாளியின் குடும்பத்தார் தொடுத்த வழக்கில் குற்றச்சாட்டு எழ, விசாரணைக்குப் பிறகு 2020 டிசம்பரில் ஏழு மேலாளர்களை டைசன் வேலைநீக்கம் செய்தது. ஏப்ரல் இறுதி, மே தொடக்க வாரங்களில் நாட்டின் பன்றி வெட்டும் திறனும் மாடு வெட்டும் திறனும் முந்தைய ஆண்டின் அதே வாரங்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 40 சதவீதம் விழுந்திருந்தன. சில பத்து ஆலைகள் தடுமாறியதற்கே இவ்வளவு பெரிய சரிவு என்றால், அது செறிவின் விலை. ஐயாயிரம் சிறு கூடங்கள் இருந்திருந்தால் தொற்று வந்திராது என்று சொல்ல முடியாது; ஆனால் ஒரு கூடம் மூடும்போது ஒரு மாநிலத்தின் விலங்குகள் முழுதும் வழியில்லாமல் நின்றிருக்காது.

ஏப்ரல் 26 அன்று டைசன் நிறுவனத் தலைவர் ஜான் டைசன் பெரிய நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, உணவு வழங்கல் சங்கிலி அறுந்துகொண்டிருக்கிறது என்று எழுதினார். இரண்டு நாள் கழித்து அதிபர் டொனால்ட் ட்ரம்ப் 1950ஆம் ஆண்டின் பாதுகாப்பு உற்பத்திச் சட்டத்தைக் கையிலெடுத்து, இறைச்சி ஆலைகள் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். கொரியப் போர்க் காலத்தில் படைக்கலன் உற்பத்திக்காக வந்த சட்டம் அது. ஆணை நேரடியாக எந்த ஆலையையும் திறக்கச் சொல்லவில்லை. ஆனால் இயங்கும் முடிவை மாநில, மாவட்டச் சுகாதார அதிகாரிகளின் கையிலிருந்து பெரிதும் எடுத்து, மத்திய வேளாண் துறையின் பக்கம் நகர்த்தியது. இந்த ஆணையின் வரைவு ஒன்றை இறைச்சி நிறுவனங்களே தயாரித்து அரசுக்கு அனுப்பியிருந்தன என்பதும், இறைச்சிப் பஞ்சம் வரப்போகிறது என்ற எச்சரிக்கைக்கு அடிப்படை இல்லை என்பதும் 2022 மே மாதம் நாடாளுமன்றக் கீழவையின் துணைக்குழு வெளியிட்ட அறிக்கையில் பதிவாயின. அந்தச் சமயம் குளிர்கிடங்குகளில் 60 கோடி பவுண்டுக்கும் அதிகமான உறைந்த பன்றி இறைச்சி இருந்தது. சீனாவுக்கான ஏற்றுமதியோ, அங்கே ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மந்தைகளை அழித்திருந்ததால், உச்சத்தில் இருந்தது. கடையில் இறைச்சி இல்லாமல் போவதைப் பற்றிய கவலையும் லைன் நிற்பதைப் பற்றிய கவலையும் ஒன்றே போலப் பேசப்பட்டன, இரண்டும் ஒன்றல்ல.

ஆலைக்குள் என்ன மாறியது? ஏப்ரல் 26இல் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் தொழிலிடப் பாதுகாப்பு நிர்வாகமும் சேர்ந்து வழிகாட்டுதல் வெளியிட்டன. வாசலில் உடல்வெப்பம் பார்ப்பது, முகக்கவசம், ஓய்வு நேரத்தைத் தவணை தவணையாகப் பிரிப்பது, உணவறைக்குப் பதில் வெளியே கூடாரம், லைனில் நிற்பவர்களுக்கு இடையே ஒளிபுகும் பிளாஸ்டிக் தடுப்பு ஆகிய எல்லாம் சில வாரங்களில் வந்துவிட்டன. பெரிய நிறுவனங்கள் கோடிக்கணக்கான டாலர் செலவழித்தன என்பதை மறுப்பதற்கில்லை. பரிசோதனைக்கூடங்களை ஒப்பந்தம் செய்து ஆலை முழுவதையும் சோதித்தபோது, அறிகுறியே இல்லாத பலரிடம் தொற்று இருப்பது தெரிந்தது; வாசலில் வெப்பமானியைக் காட்டுவதால் என்ன பயன் என்ற கேள்விக்கு அதுவே விடையாக அமைந்தது. ஆறடி இடைவெளி என்ற அடிப்படை விதி மட்டும் லைனுக்குள் நுழையவே இல்லை. வலப்பக்கமும் இடப்பக்கமும் தோள் உரச நின்று, கத்தி பிடித்து, எந்திர இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசி, குளிரூட்டப்பட்ட கூடத்தில் ஒரே காற்றை மூச்சிழுத்து வேலை செய்பவர்களுக்கு இடைவெளி வேண்டுமென்றால் இருவரில் ஒருவரை எடுக்க வேண்டும், இருவரில் ஒருவரை எடுத்தால் வேகம் பாதியாக வேண்டும். வழிகாட்டுதலில் வேகக் குறைப்பு ஒரு யோசனையாகத்தான் இருந்தது, கட்டாயமாக இல்லை. நேர்மாறாக, அதே ஏப்ரலில் 15 கோழி ஆலைகளுக்கு நிமிடத்துக்கு 140 கோழி என்ற உச்ச வரம்பைத் தாண்டி 175 வரை ஓட்டிக்கொள்ள வேளாண் துறை அனுமதி வழங்கியது.

நோயின் அளவை மூன்று கணக்குகள் மூன்று விதமாகக் காட்டுகின்றன. 2020 மே இறுதிவரை 23 மாநிலங்களிலிருந்து கிடைத்த தகவலின்படி, 239 ஆலைகளில் 16,233 பேருக்குத் தொற்று, 86 பேர் மரணம் என்றது நோய்க் கட்டுப்பாட்டு மையம். இனம் பதிவான நோயாளிகளில் 87 சதவீதம் பேர் சிறுபான்மை இனத்தவர். மேலே சொன்ன துணைக்குழு 2021 அக்டோபரில் ஐந்து பெரிய நிறுவனங்களின் சொந்த ஆவணங்களைக் கொண்டு, முதல் ஓராண்டில் குறைந்தது 59,000 தொழிலாளர்களுக்குத் தொற்று, 269 மரணங்கள் என்று காட்டியது. பொருளியல் ஆய்வாளர்கள் ஆலை மதிலைத் தாண்டிப் பார்த்தார்கள்: 2020 ஜூலை வரை நாட்டில் பதிவான தொற்றுகளில் 6 முதல் 8 சதவீதம் வரை இறைச்சி ஆலைகளோடு தொடர்புடையவை, அவற்றில் பெரும்பகுதி ஆலையைச் சுற்றியுள்ள ஊர்மக்களுக்குப் பரவியவை என்பது அவர்கள் மதிப்பீடு. ஐபிபி காலத்தில் ஆலைகள் சிற்றூர்களுக்குப் போனதன் பின்விளைவு இங்கே தெரிகிறது. ஒரே வேனில் வேலைக்கு வருபவர்கள், ஒரே வீட்டில் தங்குபவர்கள், படுக்கை குறைந்த ஊர் மருத்துவமனை. தண்டனை என்று பார்த்தால், சூ ஃபால்ஸ் ஆலைக்குத் தொழிலிடப் பாதுகாப்பு நிர்வாகம் விதித்தது 13,494 டாலர்; 1,294 பேருக்குத் தொற்றும் நான்கு மரணங்களும் நிகழ்ந்த இடம் அது. கிரீலியில் ஆறு பேர் இறந்தனர், விதிக்கப்பட்டது 15,615 டாலர். நாளொன்றுக்கு 20,000 பன்றிகள் வெட்டும் ஆலைக்கு இந்தத் தொகை சில நிமிட உற்பத்தி.

வெளியே பண்ணையாளர்கள் பட்ட பாடு வேறு. ஒப்பந்தப்படி பன்றி அனுப்ப வேண்டிய நாளில் ஆலை மூடியிருந்தது. முதலில் வளர்ச்சியை மெதுவாக்கப் பார்த்தார்கள். தீவனத்தில் புரதத்தைக் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டுவது, கொட்டகை வெப்பத்தை உயர்த்திப் பசியை மட்டுப்படுத்துவது என்று பல்கலைக்கழக விரிவாக்கத் துறையினர் சொல்லிக்கொடுத்த வழிகள் சில வாரம் தாக்குப்பிடிக்க உதவின. ஒரு கொட்டகையில் கூடுதலாக அடைத்தார்கள், அக்கம்பக்கத்தாருக்கு உயிரோடு விற்றார்கள், தாய்ப்பன்றிகளைச் சினைப்படுத்துவதைத் தள்ளிப்போட்டார்கள். இவையெல்லாம் போதாத இடங்களில் பன்றிகளைக் கொன்று குழியில் புதைக்கவும் மட்கவிடவும் நேர்ந்தது. தேசியப் பன்றி உற்பத்தியாளர் மன்றம் செப்டம்பருக்குள் ஒரு கோடிப் பன்றிகள் வரை அப்படி அழிக்க நேரலாம் என்று எச்சரித்தது. நடந்தது அதைவிட மிகக் குறைவுதான். ஆனால் நடந்த விதம் பலரை உலுக்கியது. அயோவாவின் பெரிய பன்றி நிறுவனம் ஒன்று கொட்டகையின் காற்றுவழிகளை அடைத்து வெப்பத்தையும் நீராவியையும் ஏற்றிப் பன்றிகளைச் சாகடித்தது, விலங்குரிமை அமைப்பினர் வைத்த மறைகேமரா மூலம் வெளியே தெரிந்தது. வொர்திங்டன் ஆலையில் சில தொழிலாளர்கள் திரும்ப வேலைக்கு அழைக்கப்பட்டதே பன்றிகளைக் கொன்று கழிவாக அனுப்புவதற்காகத்தான். மனிதர் உண்பதற்கு வளர்த்த விலங்கை மனிதர் உண்ணாமலே கொல்ல, மனிதரை ஆபத்தில் நிறுத்த வேண்டியிருந்த அந்த வாரங்களைவிட இத்தொழிலின் இறுக்கத்தைக் காட்டும் சான்று வேறு கிடைக்காது.

மாட்டுப் பண்ணையாளருக்கு இந்த அளவு அவசரம் இல்லை; மாட்டைப் புல்வெளியில் சிறிது காலம் கூடுதலாக நிறுத்தி வைக்கலாம். அவர்களுடைய மனக்குறை விலையில் இருந்தது. ஆலைகள் நின்றதால் உயிர்மாட்டுக்கு வாங்குபவர் இல்லை, நூறு பவுண்டுக்கு 100 டாலருக்கும் கீழே விலை இறங்கியது. அதே காரணத்தால் பெட்டியில் அடைத்த மாட்டிறைச்சிக்குத் தட்டுப்பாடு, மே மாதத்தின் நடுவில் நூறு பவுண்டு 450 டாலரைத் தாண்டி வரலாறு காணாத உயரத்துக்குப் போனது. கடையில் மாட்டிறைச்சி விலைக் குறியீடு மே ஒரே மாதத்தில் 10.8 சதவீதம் ஏறியது. வளர்த்தவனுக்கும் தின்பவனுக்கும் இடையே உருவான பள்ளம் முழுதும் நடுவில் இருந்த நான்கு நிறுவனங்களின் கணக்கில் சேர்ந்ததாகப் பண்ணையாளர் சங்கங்கள் குற்றம் சாட்டின. நீதித் துறை ஜூன் மாதத்தில் அந்நிறுவனங்களிடம் ஆவணங்களைக் கேட்டது. இதில் சதி இருந்ததா என்பது தனிக் கேள்வி. சதியே இல்லாவிட்டாலும் இதுதான் நடந்திருக்கும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குறுகிய கழுத்து அடைபட்டால் மேலே தேங்கும், கீழே வறளும். கழுத்து யார் கையில் இருக்கிறதோ அவர் இரு பக்கமும் விலை பேசுவார்.

வெட்டும் முறையும் சத்தமில்லாமல் மாறியது. பெருந்தொற்றுக்கு முன் அமெரிக்கர்கள் உணவுக்குச் செலவழித்த தொகையில் பாதிக்கும் மேல் வீட்டுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. மார்ச்சில் உணவகங்களும் பள்ளிகளும் மூடியவுடன், உணவகங்களுக்கென்று பெரிய பொதிகளில் வந்த இறைச்சியைச் சில்லறைக் கடைகளுக்குத் திருப்பிவிட வேளாண் துறை முகப்புச்சீட்டு விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. காலைச் சிற்றுண்டிக் கடைகளை நம்பியிருந்த பேக்கன் எனப்படும் உப்பிட்ட பன்றித் துண்டுக்கான வயிற்றுப்பகுதி விலை படுத்தது. வீட்டில் சமைக்க எளிதான கொத்துக்கறிக்கு அடிதடி. மே தொடக்கத்தில் வெண்டீஸ் என்ற பர்கர் தொடரின் கிளைகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்றில் மாட்டிறைச்சி பர்கர் இல்லை என்று ஒரு பங்குச்சந்தை ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. காஸ்ட்கோ, க்ரோகர் கடைகள் ஒருவருக்கு இத்தனை பொட்டலம் என்று வரம்பு வைத்தன. ஆலையில் ஆள் குறைந்ததால் எலும்பு நீக்கும் மேசைகள் முதலில் காலியாயின. பின்தொடைகள் எலும்போடும், பெரிய துண்டுகளாகவும் போயின. குடல், ஈரல் போன்ற உள்ளுறுப்புகளைப் பிரித்தெடுக்கும் வேலை பின்னுக்குத் தள்ளப்பட்டது. கோழியில் வேறு கதை. வாங்கிச் செல்லும் உணவாக விங்ஸ் எனப்படும் இறக்கைத் துண்டு எல்லாரையும் பிடித்துக்கொண்டது, ஒரு கோழிக்கு இரண்டே இறக்கைதான் என்பதால் விலை ஏறிக்கொண்டே போய், இறக்கையையே பெயரில் வைத்திருக்கும் விங்ஸ்டாப் நிறுவனம் 2021 ஜூனில் தொடைக்கறிக்கென்று ‘தைஸ்டாப்’ என்ற பெயரில் இணையவழி விற்பனை தொடங்கியது.

பெரிய ஆலைகள் நின்ற நேரத்தில் ஊர்ப்புறச் சிறு வெட்டுக்கூடங்களுக்கு எதிர்பாராத காலம் பிறந்தது. பண்ணையாளர் நேரே வாடிக்கையாளருக்குக் கால் மாடு, அரைப் பன்றி என்று விற்கத் தொடங்கினார்கள். பல கூடங்களில் அடுத்த ஆண்டுவரை முன்பதிவு நிரம்பியது. ஆனால் ஒரு சட்டச் சிக்கல். மத்திய அரசின் ஆய்வாளர் முன்னிலையில் வெட்டாத இறைச்சியைப் பொதுவாக மாநில எல்லை தாண்டி விற்க முடியாது. ஆய்வாளருக்கு அலுவலகம் முதல் கழிவுநீர் ஏற்பாடு வரை கட்டமைப்பு வேண்டும், அது சிறு கூடத்துக்கு எட்டாத செலவு. 2020 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நிதிச் சட்டத்தில் இதற்கென 6 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. 2022 ஜனவரியில் அதிபர் ஜோ பைடன் சுதந்திரமான இறைச்சி ஆலைகளை வளர்க்க 100 கோடி டாலர் திட்டம் அறிவித்தார்.

இதே நோய், இதே வகை ஆலைகள் இருந்த ஜெர்மனியை ஒரு நிமிடம் எட்டிப்பார்க்கலாம். 2020 ஜூனில் ரேடா-வீடன்ப்ரூக் நகரின் டொன்னீஸ் ஆலையில் 1,500க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று வந்து, சுற்றியிருந்த இரு மாவட்டங்கள் மறுபடி முடக்கப்பட்டன. அங்கே லைனில் நின்றவர்களில் பெரும்பாலோர் ருமேனியா, பல்கேரியா, போலந்திலிருந்து துணை ஒப்பந்தக்காரர்கள் மூலம் வந்தவர்கள். நெரிசலான விடுதிகளில் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். ஆலை நிறுவனத்துக்கு அவர்கள் சட்டப்படி ஊழியர்களே அல்லர். அவ்வாண்டு டிசம்பரிலேயே சட்டம் வந்து, 2021 ஜனவரி 1 முதல் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில் வெட்டுவதற்கும் பதப்படுத்துவதற்கும் துணை ஒப்பந்த ஆட்களை வைக்கத் தடை விதிக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தொழிற்சங்கங்கள் கேட்டுக் கிடைக்காததை ஒரு கோடைகாலம் வாங்கிக்கொடுத்தது. அமெரிக்காவில் பெருந்தொற்று அப்படி எந்த வேலைவாய்ப்புச் சட்டத்தையும் விட்டுச் செல்லவில்லை.

அமெரிக்காவில் வந்த மாற்றங்கள் நிறுவனங்களின் கையிலிருந்தே வந்தன. அவற்றில் சில மெய்யானவை. 2021 ஆகஸ்டில் டைசன் தன் ஒரு லட்சத்து இருபதாயிரம் அமெரிக்க ஊழியர்களும் தடுப்பூசி போட்டாக வேண்டும் என்று அறிவித்தது. தொழிற்சங்கத்தோடு பேசி, ஊதியத்தோடு கூடிய நோய் விடுப்பை அதற்கு ஈடாக ஒப்புக்கொண்டது. அக்டோபர் கடைசியில் 96 சதவீதத்துக்கும் மேல் போட்டுக்கொண்டார்கள். பல மொழிகளில் விளக்கி, வேலை நேரத்திலேயே, ஆலைக்குள்ளேயே ஊசி போட்டதுதான் வழி. சூ ஃபால்ஸில் 40 மொழி பேசுபவர்களுக்கு எழுத்தில் அறிவிப்பு ஒட்டிய ஏப்ரலோடு ஒப்பிட்டால் இது நெடுந்தூரம். கூலியும் ஏறியது, ஆள் கிடைக்காத சந்தையில் ஏறாமல் தீராது. அந்த ஆள் பற்றாக்குறையே அடுத்த முடிவுக்கும் தூண்டுதலாயிற்று. 2021 டிசம்பரில், மூன்று ஆண்டுகளில் 130 கோடி டாலரைத் தானியங்கி எந்திரங்களில் போடப்போவதாக டைசன் சொன்னது. அளவில் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் கோழியின் எலும்பை எந்திரம் நீக்கிவிடும் என்பது முதல் இலக்கு. மாட்டின் உடல் ஒன்றுபோல் ஒன்று இராது என்பதால் அங்கே கத்தியும் கையும் இன்னும் விலகவில்லை.

ஆலைகளைப் பெருக்கும் திட்டத்துக்கு நேர்ந்தது சற்றே முரணானது. அரசின் உதவியும் வால்மார்ட்டின் முதலீடும் சேர்ந்து நெப்ராஸ்காவின் நார்த் பிளாட்டில் புதிய மாட்டு ஆலை எழுந்தது. ஆனால் அதற்குள் வறட்சியும் தீவன விலையும் பண்ணையாளர்களை மந்தையைக் குறைக்க வைத்தன. 2024 தொடக்கத்தில் நாட்டின் மாடுகளின் எண்ணிக்கை 1951க்குப் பிறகு மிகக் குறைந்த அளவுக்கு இறங்கியது. கொக்கிகள் போதவில்லை என்று தவித்த தொழில், கொக்கியில் மாட்ட மாடு போதாமல் தவிக்கத் தொடங்கியது. அதே நெப்ராஸ்காவில், 3,200 பேர் வேலை செய்த லெக்சிங்டன் மாட்டு ஆலையை மூடுவதாக 2025 நவம்பரில் டைசன் அறிவித்தது. மூடுவதற்குக் காரணம் இப்போது நோய் அல்ல, நட்டம். அந்தச் சிற்றூருக்கு இரண்டும் ஒரே மாதிரி வந்து விழுகின்றன.

லைன் வேகத்தின் கதை தனியாக ஓடிக்கொண்டிருந்தது. பெருந்தொற்றுக்கு ஆறு மாதம் முன்பு, 2019 செப்டம்பரில், மணிக்கு 1,106 பன்றி என்ற வரம்பை வேளாண் துறை சில ஆலைகளுக்கு நீக்கிவிட்டிருந்தது. தொழிலாளர் பாதுகாப்பைக் கருதாமல் எடுத்த முடிவு அது என்று தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில் 2021 மார்ச்சில் மின்னசோட்டா மத்திய நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. வரம்பு திரும்ப வந்தது. பிறகு சோதனை என்ற பெயரில் சில ஆலைகளுக்கு மட்டும் மீண்டும் தளர்ந்தது, அவ்வாலைகள் தொழிலாளர்களின் காயங்கள் பற்றிய தரவைத் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு. 2025 மார்ச்சில் வேளாண் துறை, பன்றி, கோழி ஆலைகளுக்கான வேகத் தளர்வை நீட்டிப்பதாகவும் அதை நிரந்தர விதியாக்கும் வேலையைத் தொடங்குவதாகவும் அறிவித்தது. தொழிலாளர் பாதுகாப்புத் தரவை இனி அனுப்பத் தேவையில்லை என்பதும் அந்த அறிவிப்பிலேயே இருந்தது.